ஜோடி பிரிந்தது

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. மாடியில் மல்லாட்டை காயப்போட்டேன். கடலையைக் கொத்த வரும் காக்காயை விரட்ட ஆள் இல்லை, நானே குடையோடு உட்கார்ந்தேன்.

பேத்தி மலரிடமிருந்து போன் இல்லை. எந்த ஊரில் டென்னிஸ் ஆடுகிறாள் என்று மருமகள் வசந்தாவைக் கேட்டால் வாயில் நுழையாத ஒரு பேர் சொல்கிறாள். பெற்றவளுக்கே சரியாகத் தெரியாது.

வெயிலில் உட்கார்ந்தால் பழசெல்லாம் வரும். மலர் தாத்தாவுக்கு ஆபீசர்கள் கிளப்பில் வேலை. டென்னிஸ் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவது. சாயங்காலம் ஆபீசர்கள் வருவார்கள். நாலாவது ஆள் வராத நாளில் "ரோலர்காரர் பேத்திய கூப்புடு" என்பார்கள். வலைக்கிட்ட நிறுத்திவிடுவார்கள். பந்து வந்தால் அடி, வராவிட்டால் சும்மா நில். அப்படி நாலாவது ஆளாக நின்று நின்றே வளர்ந்தவள். அதனால்தான் இன்றைக்கும் ஒண்டியாக ஆடினால் முதல் ஆட்டத்திலேயே தோற்பாள். பக்கத்தில் ஒருத்தி நின்றால் புலி. ஷோகேஸ் முழுக்க டபுள்ஸ் கோப்பைதான். பூனாக்காரி ஷீத்தலும் இவளும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சேர்ந்து ஆடுகிறார்கள்.

ஒரு ஆபீசர் மட்டும் "கோர்ட்டு கெட்டுப்போவும்" என்று அவளைத் துரத்தினான். மூக்கில் மரு. இன்னும் உயிரோடு இருக்கிறான். இருக்கட்டும்.

பங்குனியில் ஒரு மத்தியானம், வீட்டில் நான் மட்டும் இருந்தபோது, போனில் அழுதாள். என்ன என்று இதில்கூட எழுத மாட்டேன். திருவாமாத்தூர் வட்டப்பாறை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தப் பாறை எதிரில் பொய்ச் சத்தியம் பண்ணினவன் உருப்பட்டதில்லை, இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் பிரபுவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதோடு சரி.

மல்லாட்டை இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பாதி வெடித்துவிட்டது. வசந்தா மாவைக் குறை சொன்னாள். மாவு நல்ல மாவு. கைதான் என்று நான் சொல்லவில்லை.

திண்டிவனத்திலிருந்து சம்பந்தி சரோஜா போன். மலரின் மாமியார்.

"கொழுக்கட்டை ஆச்சா சம்பந்தி?"

"ஆச்சு."

"எங்க ஊட்ல எள்ளு, தேங்கா ரெண்டும். மலரு இருந்தா எள்ளுதான் கேப்பா. இருந்தாத்தானே! ஒரு எடத்துல நின்னாத்தானே வயித்துலயும் ஒண்ணு நிக்கும்?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஆட்களை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். நான் "அடுப்புல பாலு" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

இவள் மேல் எனக்கு இருக்கிற கணக்கு:

பெண் பார்க்க வந்த அன்று, காபி குடித்துக்கொண்டே, "ரெண்டு பேரு சேர்ந்து ஜெயிச்சா இவ பங்கு பாதிதானே?" என்றது.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட என் தங்கை கன்னியம்மாவை எழுப்பி, அடுத்த பந்திக்கு அனுப்பியது. இலையில் தண்ணீர் தெளித்த பிறகு.

இன்றைக்குச் சொன்னது.

மறக்க மாட்டேன்.

ஆவணி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தயிர் வாங்கப் போனேன். பெட்டிக்கடை வாசலில் பேப்பர் போஸ்டர் தொங்கியது. பெரிய எழுத்து மட்டும்தான் என் கண்ணுக்கு இப்போது தெரியும்.

விழுப்புரம் மலர்விழி ஜோடி பிரிந்தது! திடீர் முடிவு!

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன். மாறவில்லை.

கடைக்காரன், "பாத்தியா ஆயா, நம்ம மலரு. பேஜாராப் போச்சு. உள்ள போட்டோகூடப் போட்டுக்கிறான், எடுத்துக்கினு போ" என்று பேப்பரை நீட்டினான். வாங்கவில்லை. படிக்க மனசு வரவில்லை. தயிரையும் வாங்கவில்லை.

மலர் போன் அணைந்திருந்தது. மகன் சேகர் லாரி ஆபீசில், எடுக்கவில்லை. வசந்தா சத்துணவு வேலைக்குப் போய்விட்டாள். புடவை மாற்றினேன். பஸ் ஏறினேன்.

கண்டக்டர், "திண்டிவனம் உள்ள போவாது ஆயா. பைபாஸ்ல எறங்கிக்கினு ஷேர் ஆட்டோ புடி."

"எங்க வேணா எறக்கு. ஜல்தியா போ."

"ஆயா, நான் ஓட்டல. ஓட்றவரு அங்க குந்திக்கினு கீறாரு."

சனம் சிரித்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றே கிடந்தது. நான் என்ன பேச வேண்டும் என்று வரிசை கட்டிக்கொண்டே போனேன். காபிப் பேச்சு முதல் நேற்றுப் பேச்சு வரை. ஒன்று விடவில்லை.

சரோஜா வீடு மாடியில், கீழே பிரபுவின் கண்ணாடிக் கடை. அவன் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் படியேறினேன். ஹாலில் சதுர்த்திக்கு வந்த சொந்தம், சரோஜாவின் நாத்தனார், பக்கத்து வீட்டுப் பொம்பளைகள். சுண்டல் தட்டோடு சரோஜா எழுந்து வந்தாள்.

"அடடே, சம்பந்தியா! ஒரு போன் பண்ணியிருந்தா பிரபுவ பைபாசுக்கு அனுப்பியிருப்பேனே. வாங்க, உக்காருங்க."

"உக்கார வரல. எம் பேத்திய எதுக்குடி அறுத்து உட்டீங்க?"

டி போட்டேன். சம்பந்தி வீட்டு நடுஹாலில், அவள் ஜனம் எதிரில், டி போட்டேன்.

"யாரு யார அறுத்து உட்டாங்க? என்னா பேசறீங்க?"

"தெரியாத மாதிரி நடிக்காத. ஊரு பூரா போஸ்டர் தொங்குது, ஜோடி பிரிஞ்சிட்டுதுன்னு. நீங்க சுண்டல் தின்னுக்கினு கீறீங்க."

நாத்தனார்காரி, "கெழவிக்கு வெயில் ஏறிட்டுதா?" என்றாள். அது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தது என் வாய் இல்லை என்று எழுத ஆசை. என் வாய்தான்.

"புள்ள புள்ளன்னு அரிச்சீங்களே! தங்கின புள்ளைய எங்கியோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில, பாஷ தெரியாத எடத்துல, ஒண்டியாக் கெடந்து பறிகுடுத்தாளே, அது தெரியுமா உனக்கு? காய்ச்சல்னு சொல்லிக்கினு வந்து உங்க ஊட்ல சமைச்சிப் போட்டாளே, அது தெரியுமா?"

சுண்டல் தட்டு சரோஜா கையிலேயே இருந்தது.

பிரபு ஓடிவந்தான். படியேறும்போதே கேட்டிருக்கிறான், முகம் வெளுத்திருந்தது.

"ஆயா, எந்த ஜோடின்னு படிச்சீங்களா? ஆட்டத்து ஜோடி. மலரும் ஷீத்தலும் இனிமே சேர்ந்து ஆடமாட்டாங்க. அதான் நியூஸ்."

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவள் அவள் தொடையில் தட்டினாள்.

சரோஜா சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"இவங்க சொன்னது நெசமாடா?"

"நெசந்தாம்மா. பங்குனில."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"எனக்குத்தான் தெரியாது."

தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "சம்பந்தியம்மாவ பைக்ல கொண்டுபோய் பஸ் ஏத்தி உட்டுட்டு வாடா. வெயிலா இருக்குது."

நான் பேசின பேச்சுக்கு எனக்கு வெயில் பார்த்தாள்.

பைபாஸ் வரைக்கும் பிரபு பேசவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னான். "பெரிய போட்டிங்கள்ல ரெண்டு பேர் ரேங்கையும் கூட்டிப் பாத்துதான் எடம் குடுப்பாங்க ஆயா. அப்ப மலரு ஆடாம இருந்ததுல அவ ரேங்க் எறங்கிடுச்சி. ஷீத்தலுக்கு வேற ஆளு கெடச்சிட்டுது. போயிட்டாங்க."

"ஏன் ஆடலன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"மலரு சொல்லல. எனக்கும் உங்களுக்கும்தான் ஆயா."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

ஆவணி 13, வெள்ளி

நேற்று நான் வந்து சேர்வதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது.

சேகர் காலையில் பேன்ட் போட்டுக்கொண்டே கத்தினான். "ஜோடின்னா என்னான்னு அந்தக் கடக்காரன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாம்மா? கண்ணு தெரியலன்னா வாயி இருக்குதுல்ல? சண்டைக்கு மட்டுந்தான் அந்த வாயா? இனிமே மலர ஆட உடுவாங்களான்னே தெரியல."

மலரும் அதற்குத்தான் பயந்தாள். "அத்தைக்குத் தெரிஞ்சா பந்து அடிக்கப் போயித்தான் புள்ள போச்சும்பாங்க ஆயா, ஆட்டத்தையே நிறுத்திடுவாங்க." அவள் போனில் சொன்ன வார்த்தை இது. ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. என்ன பிரயோசனம்.

வசந்தா டீ போட்டு என் பக்கத்தில் வைத்தாள், சத்தம் வராமல் வைத்தாள். டம்ளரை நக்கென்று வைத்திருந்தால் தேவலை. சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அவ அழுதாளா அத்தை?"

"அழுதா."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"வேலைக்குப் போயிருந்த."

"சாயங்காலம் ஊட்டுக்கு வந்தேனே."

வந்தாள். நான் அவளுக்குக் குழம்பு ஊற்றினேன். முருங்கைக்காய்க் குழம்பு. உப்பு ஒரு கல்லு கம்மி என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீரையில் பாதித் தண்டை இலையோடு சேர்த்துப் போட்டுவிட்டாள். நான் எடுத்து ஆய்ந்தேன்.

ஆவணி 14, சனி

மழை. மல்லாட்டை நனைந்துபோனது, யாருக்கும் ஞாபகம் இல்லை.

ரேஷன் கடையில் வரிசை. பின்னாலிருந்து ஒரு குரல், "அந்தாண்ட நிக்குது பாரு, அதான் போஸ்டர் ஆயா."

பேரே வைத்துவிட்டார்கள். யார் குரல் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பேச்சைப் பேசினது யார் என்று தெரிந்துகொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தது என் ஆயுசில் இன்றைக்குத்தான்.

பாமாயில் வாங்கினேன். சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.

செருப்பு ஜோடி. மாட்டு ஜோடி. வளையல்காரன்கூட ஜோடி என்றுதான் கூவுகிறான். மலர் ஜெயித்தபோதெல்லாம் பேப்பரில் "மலர்விழி ஜோடி வெற்றி" என்று வரும், வசந்தா வாசித்துக் காட்டுவாள். அப்போதெல்லாம் பிரபுவா கோர்ட்டில் நின்றான்? தெரிந்த வார்த்தைதான். சரோஜா எப்போது தப்பு செய்வாள் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். போஸ்டரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது, மாட்டிக்கொண்டாயா என்றுதான்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது.

ஆவணி 15, ஞாயிறு

டவுன் பஸ் பிடித்துத் திருவாமாத்தூர் போனேன். சாமி கும்பிட்டேன். சத்தியம் தவறினதற்கு அபராதமாகச் சூடம் ஏற்றலாம் என்று வாங்கிக்கொண்டும் போனேன். பாறை இருக்கிற பக்கம் கால் போகவில்லை.

பூ விற்கிறவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன் ஆயா, பாறையாண்ட போவலியா?"

"முட்டி வலிம்மா."

பொய். வேறெங்கும் இடம் கிடைக்காமல் அந்த வாசலில் நின்றுகொண்டே பொய்.

சூடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆவணி 16, திங்கள்

மலர் போன். வசந்தா கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஆயா."

"சொல்லும்மா."

"சாப்டியா?"

"சாப்டேன்." சாப்பிடவில்லை.

தூரத்தில் பந்து அடிக்கிற சத்தம். யாரோ ஆடுகிறார்கள், இவள் இல்லை.

"மலரு, நான் அந்தப் பாறை மேல..."

"வுடு ஆயா."

"இல்லம்மா, எனக்கு..."

"வுடுன்றேன்ல. ஷீத்தல் போனதுக்கு எல்லாரும் வேற ஆளப் பாருன்னுதான் சொல்றாங்க. சண்டைக்குப் போன ஒரே ஆளு நீதான்."

சிரித்தாள். நானும் சிரிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆனா அத்தைகிட்ட அத நான் சொல்லியிருக்கணும் ஆயா. என்னைக்காவது ஒருநாளு, என் வாயால. அது இனிமே முடியாதுல்ல?"

முடியாதுதான்.

"சரி ஆயா, மாத்திரை போட்டுக்கோ."

வசந்தா வந்து போனை வாங்கினாள். அதைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். வெகு நேரம் பேசினார்கள். வசந்தாவின் முதுகு மட்டும் தெரிந்தது. முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தது தெரிந்தது.

ஆவணி 18, புதன்

சேகருக்கு சரோஜா போன் செய்தாள். மலர் சனிக்கிழமை சென்னையில் இறங்கி நேரே திண்டிவனம் வருகிறாளாம். எல்லோரும் வர வேண்டுமாம்.

"சம்பந்தியம்மாவ உட்டுட்டு வராதீங்க" என்றாளாம், என்னைத்தான்.

எதற்கு என்று கேட்டேன். சேகருக்குத் தெரியவில்லை. "போய் நிக்க வேண்டியதுதான், நீ பேசினதுக்கு" என்றான்.

மாத்திரை: காலை போட்டேன். ராத்திரி மறந்தேன்.

ஆவணி 21, சனி

வெயில் கொஞ்சம் இறங்கினபிறகு போய்ச் சேர்ந்தோம். படியேறும்போது முட்டி நிஜமாகவே வலித்தது.

மலர் இளைத்திருந்தாள். கறுத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், கன்னத்தைக் கிள்ளினாள், சாக்லேட் டப்பா கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

சரோஜாவிடம், "வாய் தவறிட்டுது சம்பந்தி" என்றேன். வரும்போது பஸ்ஸில் யோசித்து வைத்தது பெரிசு. வந்தது இவ்வளவுதான்.

"உக்காருங்க" என்றாள். அன்றைக்குச் சொன்ன மாதிரியேதான்.

நாத்தனார்காரியும் இருந்தாள். காபி கைக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "போதும் சுத்தினது. இனிமே ஊட்டோட இருந்து ஒரு புள்ளையப் பெத்துக்கினு அப்பறம் எந்தப் பந்தவேணா அடிக்கட்டும். என்னா அண்ணி?"

சேகர் என்னைப் பார்த்தான். வசந்தா மலரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் வாயால் இந்தப் பெண்ணின் பிழைப்பு போகப்போகிறது என்று நினைத்தேன்.

சரோஜா டம்ளரை மெதுவாக ஆற்றிக்கொண்டே சொன்னாள். "பந்தால ஒண்ணும் போவல. டாக்டரே சொல்லிட்டாங்களாம், பிரபு சீட்டக் காட்டினான். அவ ஆடட்டும். வேற ஜோடி பாத்துக்கினு ஆடட்டும்."

ஜோடி என்றதும் சேகர்தான் முதலில் சிரித்தான். பிரபு சிரித்தான். மலர், "போஸ்டர் ஒட்டிட்டு பாக்கறேன் அத்தை" என்றாள். வீடே சிரித்தது. நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பிறகு மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து புது ஜோடியாகப் பார்த்து வைத்திருப்பவளைப் பற்றிச் சொன்னாள். ஜப்பான்காரியாம். குள்ளமாம், வேகமாம். பேசுகிறது ஒன்றும் புரியாதாம், விரலைக் காட்டியே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார்களாம். நிறைய சொன்னாள். முடித்ததும் நான் மெதுவாகக் கேட்டேன்.

"உடம்பு எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லா இருக்கேன் ஆயா."

ஜெயித்தாலும் தோற்றாலும் மைக்கை நீட்டுகிறவர்களுக்கு இப்படித்தான் பதில் சொல்வாள், டிவியில் பார்த்திருக்கிறேன். இதே குரல்.

டம்ளரை வைக்க அடுப்படிக்குப் போனேன். மலர் எனக்கு முன்னாலேயே எழுந்து அங்கே போயிருந்தாள். சரோஜா குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். மலர் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவாக, நீளமாக. சரோஜா கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கரண்டி பிடிக்காத கையால் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னாம்மா?" என்றேன்.

மலர் அடுப்பைப் பார்த்தாள். சரோஜாதான் சொன்னாள். "ஒண்ணுமில்ல சம்பந்தி, உப்பு பாக்கச் சொன்னேன்." கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.